தப்பே வராத ஐந்து கறுப்புக் கட்டைகள்

நீந்தவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் கரையிலேயே நின்றுவிடுவான். அரைகுறையாக நீந்தத் தெரிந்தவன்தான் கடலுக்குள் இறங்கி, தன்னோடு இன்னும் நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போவான். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவருக்கு மகளாகப் பிறந்த எனக்கு இது சின்ன வயதிலேயே தெரியும். சங்கீதத்துக்கும் இதே சட்டம்தான் என்பதை மட்டும் என் தங்கச்சியின் கல்யாணத்தன்று, மாதா கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் படித்துக்கொண்டேன்.

தங்கச்சி டிலானிக்குக் கல்யாணம் சரிவந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. மீனுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையில் அலுவலக வேலை. கல்யாண அவசரம் ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. ஆனால் அதை நம்புவதற்கு ஊரில் ஆள் இல்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு நடக்கிறது என்றதும், வழியில் காண்கிற பெண்கள் எல்லாம் தலையைச் சற்றுச் சரித்து, குரலைத் தாழ்த்தி, "எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். (காய்ச்சல்காரியைக் கேட்பது போல. ஒரு அன்ரி நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தா.) இந்தப் பரிதாபத்துக்கெல்லாம் ஒரே பதிலாக, கல்யாணத்தன்று கோயில் பியானோவுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "உது ஆர், மூத்தவளோ?" என்று சனம் கேட்கும்படி வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்பதை அப்போது ஒரு தடையாக நான் நினைக்கவில்லை.

பியானோ என்றால் மின்சாரப் பியானோ. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கோயிலுக்கு அனுப்பியது. பாடகர் குழுவை நடத்தும் அல்பேட் அண்ணைதான் அதை வாசிப்பார். அவரிடம் போய்ப் பழக்கிவிடச் சொன்னேன். அவர் முதல் நாளே இசைக்குறிப்புத் தாளை எடுத்து விரித்தார். எனக்கோ அது ஐந்து கோட்டு வலையில் சூடை மீன் மாட்டியிருப்பதாகத் தெரிந்தது. எந்த மீனுக்கு எந்தக் கட்டை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் சொருகியது.

"பிள்ளை, இது உடன வராது. ரெண்டு மூண்டு வருசம் செல்லும்" என்றார்.

கல்யாணத்துக்கு இருந்தது இரண்டு மூன்று மாதம்.

அப்போதுதான் யூரியூப்பில் அந்த அம்மணியைக் கண்டுபிடித்தேன். இந்தியாவில் எங்கோ ஒரு நகரத்தில், பின்னால் பூச்சாடி வைத்த அறையில் இருந்து கொண்டு, பியானோ பழகத் தொடங்குபவர்களுக்குச் சொந்தமாக மெட்டுக் கட்டக் கற்றுக்கொடுப்பவர். "தாளே வேண்டாம், மனசுல வர்றத வாசிங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. "கறுப்புக் கட்டை அஞ்சு இருக்கு பாருங்க. எந்த வரிசையில தொட்டாலும் இனிமையாத்தான் இருக்கும். தப்பே வராது." அடுத்த வீடியோவில் இன்னொரு இரகசியமும் சொன்னார். "தவறிப்போய் வேற கட்டையில விரல் பட்டுட்டா நிறுத்தாதீங்க. அந்தத் தப்பையே திரும்பத் திரும்ப வாசிங்க. கேக்கறவங்க நீங்க வேணும்னே வாசிக்கறதா நினைச்சுப்பாங்க."

தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது கலையாகிவிடும் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னார். அவரை நான் முழுமையாக நம்பினேன்.

வேலை முடிந்து பின்னேரங்களில் கோயிலுக்குப் போய்ப் பழகினேன். இடக்கையால் இரண்டு கறுப்புக் கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். வலக்கை மற்றக் கறுப்புக் கட்டைகளில் தன் பாட்டில் உலாவும். ஏறும், இறங்கும், ஒன்றில் நின்று யோசிக்கும். உண்மையாகவே இனிமையாக இருந்தது. தொடக்கத்தில் எனக்கே நம்ப முடியவில்லை. இந்த மெட்டை உலகத்தில் இதற்கு முதல் யாருமே வாசித்ததில்லை என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது. (இனியும் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். எனக்கே இரண்டாம் தரம் வராது.)

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சூசையப்பு ஐயா ஒருநாள் திறப்போடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, இது எப்ப முடியும்?"

"எது ஐயா?"

"இந்தப் பாட்டு."

"இதுக்கு முடிவெண்டு ஒண்டும் இல்லை ஐயா. மனசில வாறதுதான்."

அவர் கையில் இருந்த திறப்பைப் பார்த்தார். "அப்ப நான் கேற்றை எப்பிடிப் பூட்டுறது?" என்றார்.

அல்பேட் அண்ணை கதவடியில் நின்று கேட்டுவிட்டு, "உது மோகனம்" என்றார். "ஐஞ்சு சுரத்துக்கை நிக்கிறாய். அதுக்கை நிண்டால் தப்புவாய். வெளியில கால் வைச்சியெண்டால் நான் பொறுப்பில்லை." ஆனாலும் நல்ல மனிதர். சனம் வந்து அமர்கிற நேரத்தில், மணப்பொம்பிளை வரும்வரை, மெல்லிசாக ஐந்து நிமிடம் வாசிக்க அனுமதி தந்தார். "நான் வந்தவுடன எழும்பீட வேணும்" என்பது ஒப்பந்தம்.

கல்யாணத்தன்று காலை டிலானியை வெளிக்கிடுத்தப் புதுக்குடியிருப்புக்குக் கூட்டிப்போக அல்பேட் அண்ணை தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார். அங்கே அவருடைய மனைவிதான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவ. வானில் ஏறுவதற்கு முன் டிலானி என் கையைப் பிடித்துக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்குது. பேசாமல் இதை நிப்பாட்டுவமோ?"

"விசர்க் கதை கதையாதை. றொசான் நல்ல பெடியன்."

"றொசானில ஒரு பிழையும் இல்லை. அவற்றை அம்மாவைப் பாத்தனியே? அவா சிரிச்சு ஆரும் கண்டிருக்கினமோ?"

அது நியாயமான கேள்வி. றொசானின் அம்மா வவுனியாவில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஓய்வுபெற்ற ரீச்சர். பெண் பார்க்க வந்தபோது அவா எங்கள் வீட்டில் பேசிய ஒரே வசனம், போதும் என்ற அர்த்தத்தில், "தண்ணி காணும்" என்பதுதான். அந்த இரண்டு சொல்லில் என் அம்மா கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டா. ஆனால் வானில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் "போடி, எல்லாம் சரிவரும்" என்று அவளை ஏற்றிவிட்டேன். என் மனசெல்லாம் கறுப்புக் கட்டையில் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். விடியமுன் வெளிக்கிட்டு, ஓமந்தை தாண்டி, மாங்குளத்தால் திரும்பி வந்தவர்கள். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. பூசையில் நன்மை எடுக்கிறவர்கள், அதாவது நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள், வயிற்றில் ஒன்றும் போடக்கூடாது என்று ரீச்சர் பஸ்ஸுக்குள்ளேயே உத்தரவு போட்டிருந்தா. நன்மை எடுக்காதவர்களும் பயத்தில் சாப்பிடாமல் இருந்துவிட்டார்கள்.

நான் உட்கார்ந்தேன். புதுச் சாறி, தலையில் பூ. வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த முதல் ஐந்து நிமிடத்தை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. மோகனம் கோயில் முகட்டில் மிதந்தது. முன் வாங்கில் நெற்றி தொட்ட அன்ரி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டா. "ஓம், மூத்தவள்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த இடத்திலேயே நான் எழும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் முடிந்தது. அல்பேட் அண்ணை வரவில்லை. நான் இன்னொரு ஐந்து நிமிடம் வாசித்தேன். மனசில் வருவதை வாசி என்று அம்மணி சொன்னா. மனசில் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வதென்று அவ எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. வலக்கை அதே படிகளில் ஏறி இறங்கிக் களைத்தது. மெதுவாக நிறுத்தினேன்.

நிறுத்தியதும் சனத்தின் முணுமுணுப்புக் கேட்டது. "பொம்பிளை இன்னும் வரேல்லையாம்." "போனும் எடுக்கினம் இல்லையாம்." கதவடியில் நின்ற அப்பா என்னைப் பார்த்து இரண்டு கையாலும் காற்றை இழுத்துக் காட்டினார். கரைவலை இழுக்கும்போது காட்டுகிற சைகை. விடாதை, இழு, இழு. நான் திரும்பவும் இழுத்தேன். நிறுத்தினால் முணுமுணுப்பு. வாசித்தால் அமைதி. இப்படியே கொஞ்சநேரம் போனது. பூசை வைக்க வந்த சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கு அடுத்த பங்கில் இன்னொரு பூசை இருந்தது. றொசான் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். ரீச்சர் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தா. பரீட்சை மண்டபத்தில் பார்ப்பது போல.

அப்போதுதான் குசினிக்குப் பின்னால் டிலானி சொன்னது எனக்கு நினைவு வந்தது. பேசாமல் இதை நிப்பாட்டுவமோ?

அவள் ஓடிவிட்டாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள். நான் "போடி" என்றேன், அவளும் போய்விட்டாள். இதை அறிந்தவள் இந்தக் கோயிலில் நான் ஒருத்திதான். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. உள்ளங்கை வேர்த்தது. கறுப்புக் கட்டையில் இருந்த விரல் வழுக்கிப் பக்கத்து வெள்ளைக் கட்டையில் விழுந்தது.

அபசுரம். அல்பேட் அண்ணை சொன்ன எல்லைக்கு வெளியில் நான் கால் வைத்துவிட்டேன்.

பயப்படவில்லை. அம்மணியின் இரண்டாவது இரகசியம் கையில் இருக்கிறதே. தப்பைத் திரும்பச் செய். வெள்ளை, கறுப்பு. திரும்பவும் வெள்ளை, கறுப்பு. இன்னொரு தரம் வெள்ளை.

இலங்கையில் பிறந்த எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டையில் இப்படித் தத்தித் தத்தித் தொடங்குகிற மெட்டு ஒன்றே ஒன்றுதான். காலையிலும் பின்னேரமும் ஒழுங்கைக்கு ஒழுங்கை பாண் என்கிற ரொட்டியும் பணிஸும் விற்கிற ஓட்டோவில் போடுகிற மெட்டு. ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை அதைக் கேட்டு வளர்ந்த விரல்கள் எனக்கு. முதல் ஐந்து சுரம் கிடைத்ததும் மிச்சத்தை அவை என்னைக் கேட்காமலே வாசித்து முடித்தன. பிசகே இல்லை. மூன்று மாதத்தில் நான் தவறில்லாமல் வாசித்த முதல் மெட்டு அதுதான்.

நடு வாங்கில் ஒரு குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா, பணிஸ்."

சத்தத்தையாவது குறைப்போம் என்று உருளையைத் திருகினேன். அது மற்றப் பக்கமாகத் திரும்பியது. கோயிலுக்கு வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியால் பாண் மெட்டு ஊருக்கே போனது. நாய்கள் ஊளையிடத் தொடங்கின. (எங்கள் ஊர் நாய்கள் பாண் ஓட்டோவுக்குத்தான் ஊளையிடும். கோயில் மணிக்குக்கூட இல்லை.) முன்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பையோடு ஒழுங்கைக்கு வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் நித்திரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு மாமா, கண்ணைத் திறக்காமலே எழும்பி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

"எங்கை போறியள்?" என்று அவருடைய மனைவி சாறியால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டா.

"பாண் வந்திட்டுது" என்றார் அவர்.

கோயிலே சிரித்தது. முதலில் பின் வாங்குகள், பிறகு நடு வாங்குகள். சுவாமி திரும்பிப் பீடத்தைப் பார்த்து நின்றார். அவருடைய தோள் குலுங்கியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன நடக்கும் என்ற பயத்தில் அந்த மெட்டையே திரும்பவும் முதலில் இருந்து வாசித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் தங்கச்சி வாசலில் வந்து நின்றாள்.

ஓடவில்லை. குறுக்குப் பாதையால் கெதியாகப் போகலாம் என்று அல்பேட் அண்ணை கடல்நீர் தேங்கும் களப்போரம் வானை விட்டிருக்கிறார். சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. போனுக்குக் கவரேஜ் இல்லை. வயலுக்குப் போன உழவு மெசின் ஒன்று வந்துதான் இழுத்து எடுத்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, வெள்ளைச் சாறியும் தலையில் வலைத்துணி முக்காடுமாக டிலானி நிற்கிறாள் என்பது மட்டுமே.

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பியானோவைப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினாள். பீடத்தடியில் நின்ற றொசானும் அவளைக் கண்டு சிரித்தான். பாண் மெட்டு ஒலிக்க, கண்ணில் மை கரையச் சிரித்துக்கொண்டே என் தங்கச்சி கோயில் நடுவால் நடந்து போனாள். முழங்கால் வரை சேறோடு அல்பேட் அண்ணை ஓரத்தால் ஓடிவந்து, இடுப்பால் என்னை இடித்து வாங்கில் இருந்து தள்ளிவிட்டு வருகைப் பாடலைத் தொடங்கினார்.

பூசை முழுவதும் தூணுக்குப் பின்னால் நின்றேன். முடிந்ததும் கும்பலோடு கும்பலாக வெளியே நழுவப் பார்த்தேன். படியடியில் ஒரு குரல்.

"இஞ்சை வாரும்."

ரீச்சர். நான் போய் முன்னால் நின்றேன். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"வாசிச்சது நீர்தானே?"

"ஓம் அன்ரி."

அவா வாயைத் திறந்து அடுத்ததைச் சொல்வதற்குள் கேற்றடியில் நிஜமாகவே அந்த மெட்டுக் கேட்டது. பாண் ஓட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பாண்காரர் குமார் அண்ணை இறங்கினார். முகத்தில் நல்ல கோபம்.

"ஆர் இஞ்சை என்ரை ஏரியாவுக்கை பாண் கொண்டு வந்தது? ரெண்டு ஒழுங்கைக்கு அங்கால கேட்டுது."

ஊரே என்னைக் கையால் காட்டியது. குமார் அண்ணை என்னைப் பார்த்தார். சாறி, பூ. எனக்குப் பின்னால் ஓட்டோ எங்கே நிற்கிறதென்று எட்டிப் பார்த்தார்.

நான் ஏதோ சொல்ல முதல் அந்த நித்திரை மாமா ஓட்டோவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். அவருக்குப் பின்னால் பஸ் முழுவதும் போனது. கல்யாணச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போக இன்னும் படம் எடுத்து முடியவேண்டும். அதுவரை பொறுக்க ஒருவருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை. குமார் அண்ணையின் கோபம் கண்ணாடிப் பெட்டி காலியாகக் காலியாக இறங்கியது. கடைசியில், "தங்கச்சி, அடுத்த கல்யாணம் எப்ப?" என்று என்னிடம் கேட்டார்.

றொசான் ஒரு மீன் பணிஸைக் கொண்டுவந்து தன் தாயிடம் நீட்டினான். அவா பட்டுச் சாறித் தலைப்பை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கடி கடித்து, மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தா.

"இதுக்கு முந்தி என்ரை மூத்த பெடியள் ரெண்டு பேருக்குக் கலியாணம் செய்து வைச்சிட்டன்" என்றா. "ரெண்டு பொம்பிளையளும் அழுதுகொண்டுதான் வந்தவை. சிரிச்சுக்கொண்டு வந்தது உம்மடை தங்கச்சி ஒராள்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தா. முன் பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. அந்தச் சிரிப்பு அவாவுக்கு நல்ல வடிவாக இருந்தது. அம்மா தூரத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா.

பின்னேரம் டிலானி என் காதில் சொன்னாள். வாசலுக்கு வந்தபோது அவளுக்குக் கால் எழும்பவில்லையாம். திரும்பிப் போய் வானில் ஏறிவிடுவோமா என்றுகூட நினைத்தாளாம். "பாண் மெட்டுக் கேட்டுது. உண்மையாப் பாண்காரன்தான் எண்டு பாத்தா, நீ. அதோட பயம் எங்கை போச்செண்டு தெரியேல்லை." நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஊரில் யாரும் என்னிடம் தலை சரித்து நலம் விசாரிப்பதில்லை. "பாண் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். அல்பேட் அண்ணையிடம் முறையாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். சூடை மீன்களில் பாதி எனக்கு அடையாளம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டுக்கு வாசிக்கவும் விடுகிறார்.

போன மாதம் டிலானியின் மகளுக்கு ஞானஸ்நானம். இந்த முறை பிந்தியவர் சுவாமி. வவுனியாவில் இருந்து வந்த சனம் வாங்கில் நெளிந்துகொண்டிருந்தது. நான் பியானோவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, யாருடைய கண்ணிலும் படாமல் இருந்தேன். ரீச்சர் எழும்பி, சாறித் தலைப்பைச் சரிசெய்து, நேரே என்னிடம் நடந்து வந்தா. குனிந்து காதுக்குள் சொன்னா.

"பிள்ளை, பஸ்ஸில வந்த ஒருத்தரும் இன்னும் சாப்பிடேல்லை. கொஞ்சம் வாசியுமன்."